கடைசியில் யார் வந்தார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு நீங்கள் போட்ட உயர்கல்வி இணைப்பை வரி விடாமல் படித்தேன். இன்ஜினீயரிங், நர்சிங், கேட்டரிங், விமானத் துறை, கப்பல் படிப்பு என்று நிறைய இருந்தது, நல்லதுதான். ஆனால் மலையில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் மலையை வைத்தே பிழைக்கிற மாதிரி ஒரு படிப்புகூட அதில் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும். இடம் இல்லாமல் வெட்டினாலும் நடுவில் இருக்கிற சம்பவத்தை மட்டும் வெட்டிவிடாதீர்கள் ஐயா.

நான் கோத்தகிரியில் 22 வருஷமாக ஜீப் ஓட்டுகிறேன். சீசனில் வண்டி, மற்ற நாளில் வருகிறவர்களை அனுமதி உள்ள பாதைகளில் நடத்திக் கூட்டிப் போவதும் உண்டு. என் மகள் பி.காம். முடித்தவள். கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தாள், அதன் வழியாக இமயமலைப் பக்கம் ஒரு மலையேற்ற முகாமுக்குப் போய்விட்டு வந்தவள், வந்த ராத்திரியே, "அப்பா, நான் பனிச்சறுக்கு கத்துக்கொடுக்கிற இன்ஸ்ட்ரக்டர் ஆகணும்" என்றாள். வீட்டில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. என் அக்காதான் முதலில் வாயைத் திறந்தார். "ஊட்டியில விழுற பனியில தேயிலை கருகுமே தவிர ஒரு குழந்தை சறுக்க முடியுமா? இதுக்கு ஒரு படிப்பா?"

அக்கா சொன்னது நம் ஊர் நிலவரப்படி சரி. டிசம்பர், ஜனவரியில் இங்கே விழுவது உறைபனி. தலைகுந்தாவிலும் காந்தலிலும் விடியற்காலையில் புல்தரை வெள்ளையாகக் கிடக்கும், வெயில் ஏறினதும் போய்விடும். மகள் அதற்கு ஒரு கணக்கு சொன்னாள், எனக்கு அது இன்றைக்கும் ஆச்சரியம். காஷ்மீரில் குல்மார்க் ஏறக்குறைய 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர். உயரத்தில் இரண்டும் ஒன்றுதான். அவர்கள் 34 டிகிரி வடக்கே இருக்கிறார்கள், நாம் 11 டிகிரியில். குளிர்காலத்தில் மேற்கிலிருந்து வருகிற மழைமேகம் அங்கே பனியாகக் கொட்டுகிறது, நமக்கு அந்த மாதங்களில் வானம் தெளிந்துபோய் தரை மட்டும்தான் குளிர்கிறது. ஆக, சரிவில் ஏறி இறங்கிப் பழகிய கால், உயரத்தில் மூச்சு விட்டுப் பழகிய நெஞ்சு, இந்த இரண்டும் நம் பிள்ளைகளுக்கும் இருக்கிறது. இல்லாதது பனி மட்டும்தான்.

பனி இல்லாத ஊரில் பிறந்தவர்களுக்கு இது ஆகாது என்றும் சொல்ல முடியாது. குடகில் பிறந்த பவானி தெக்கடா நஞ்சுண்டா இன்றைக்கு இந்தியாவுக்காக கிராஸ் கன்ட்ரி பனிச்சறுக்குப் போட்டிகளில் ஓடுகிறார். குடகு நமக்கு எவ்வளவு தூரம்? மைசூர் போய் ஒரு மலை ஏறினால் குடகு.

சரி, போட்டி வேறு, கற்றுக்கொடுக்கிற தொழில் வேறு. நான் சொல்ல வந்தது இரண்டாவதைப் பற்றி.

மகள் மணாலியில் இருக்கிற அடல் பிஹாரி வாஜ்பாய் மலையேற்ற நிறுவனத்தில் அடிப்படைப் பனிச்சறுக்குப் பயிற்சி முடித்தாள், இரண்டு வாரம். இதே மாதிரி குல்மார்க்கில் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் நிறுவனம் ஒன்று இருக்கிறது, உத்தரகாண்ட் அவுலியிலும் குளிர்காலத்தில் பயிற்சி நடக்கிறது. இதெல்லாம் நம் பிள்ளைகளுக்குத் தெரியவே தெரியாது, சொல்வதற்கு ஆள் இல்லை. முதல் நாட்களில் லிஃப்ட் எதுவும் கிடையாதாம். ஸ்கீயை, அதாவது காலில் மாட்டுகிற நீளச் சறுக்குப் பலகையை, மாட்டிக்கொண்டு பக்கவாட்டில் ஒவ்வொரு அடியாக வைத்து மேட்டில் ஏற வேண்டும், விழக் கற்றுக்கொள்ள வேண்டும், விழுந்த பிறகு யார் கையும் பிடிக்காமல் எழ வேண்டும். அப்புறம்தான் சறுக்கல். முன்நுனிகளை நெருக்கமாக வைத்துக்கொண்டு பின்பக்கத்தை விரித்தால் ஸ்கீயின் உள்விளிம்பு பனியைச் சுரண்டி வேகம் குறையும். அவள் வீட்டுக் கூடத்தில் வெறுங்காலோடு நின்று அதைச் செய்து காட்டியபோது எனக்குச் சட்டென்று புரிந்தது, கல்லட்டி 36 கொண்டை ஊசி வளைவில் கியரைக் குறைத்து இறங்குவது மாதிரிதான் இது. வேகம் எடுத்த பிறகு பிரேக்கைத் தேடுகிற வேலை கிடையாது, வேகம் எடுக்க விடாமலே இறங்குவது.

ஆனால் அவள் அதிகம் பேசியது சறுக்கலைப் பற்றி இல்லை. அவளுக்குக் கற்றுக்கொடுத்தவர் எப்படி நின்றார் என்பதைப் பற்றித்தான். பாடம் சொல்லும்போது மாணவர்கள் முதுகுப் பக்கம் சூரியன் இருக்கும்படி நிறுத்திவிட்டு, அவர் சூரியனைப் பார்த்து நிற்பாராம். பனியில் வெயில் பட்டால் கண் கூசும், கண் கூசினால் பாடம் ஏறாது, அந்தக் கூச்சத்தை அவர் எடுத்துக்கொள்கிறார். சரிவில் எப்போதும் அவர்களுக்குக் கீழே நிற்பார், யாராவது கட்டுப்பாடு இழந்து வந்தால் அவர்மேல்தான் வர வேண்டும். கூட்டத்தை நிறுத்துவதாக இருந்தால் பாதையின் ஓரத்தில், மேலிருந்து வருகிறவர் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நிறுத்துவார், மேட்டுக்குப் பின்னால் மறைவில் நிறுத்தவே மாட்டார். நாங்கள் வளைவில் வண்டியை நிறுத்தமாட்டோம் இல்லையா, அதேதான். உலகப் பனிச்சறுக்குச் சம்மேளனம் வைத்திருக்கிற 10 விதிகளில் ஒன்று, மேலிருந்து வருகிறவர்தான் கீழே இருப்பவரைப் பார்த்து வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது. மலைப் பாதையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழி விட வேண்டும் என்று எனக்கு லைசென்ஸ் எடுக்கும்போது சொல்லிக்கொடுத்தார்கள். ஊர் வேறு, நியாயம் ஒன்று.

அவளோடு படித்த ஒரு பெண் மூன்றாம் நாள் சரிவின் உச்சியில் நின்று அழுதுவிட்டாளாம், இறங்கமாட்டேன் என்று. பயிற்றுநர் மகளைக் கூப்பிட்டு, நீ போய்ப் பேசு என்றிருக்கிறார். இவள் போய் அந்தப் பெண்ணின் கால் எப்படி இருக்கிறது, ஸ்கீ நேராக இருக்கிறதா என்று குனிந்து பார்த்திருக்கிறாள். அவர் பின்னாலிருந்து, "காலைப் பார்க்காதே, கையைப் பார்" என்றாராம். பார்த்தால் அந்தப் பெண் கையிலிருந்த கோலை இறுக்கிப் பிடித்து, உறைக்குள் விரல் விறைத்துப் போயிருந்தது. பயம் முதலில் கையில்தான் தெரியும். கையைத் தளர்த்தச் சொல்லி, மூச்சு விடச் சொல்லி, பத்தடி மட்டும் குறுக்கே போகலாம் என்று சொல்லி, அந்தப் பத்தடியை நாலு தடவை செய்தபோது பாதிச் சரிவு முடிந்துவிட்டதாம். இதைச் சொல்லும்போது என் மகளின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

இதைத்தான் வெளிநாட்டில் முறையாகப் படிக்க வைக்கிறார்கள். அமெரிக்கப் பனிச்சறுக்குப் பயிற்றுநர் சங்கம் ஒரு பயிற்றுநருக்கு மூன்று திறன் வேண்டும் என்கிறது: தொழில்நுட்பத் திறன், கற்பிக்கும் திறன், மனிதர்களோடு பழகும் திறன். கனடாவில் 1938-ல் தொடங்கிய சங்கம் நாலு நிலைகளாகச் சான்றிதழ் கொடுக்கிறது, முதல் நிலை முடித்தால் புதிதாக வருகிறவர்களுக்குக் கற்றுக்கொடுக்கலாம். அமெரிக்காவில் கொலராடோ மவுன்டன் காலேஜில் பனிச்சறுக்கு மையத்தை நடத்துவதற்கு ஒரு படிப்பு, மலைநடை, முகாம் மாதிரி வெளிப்புறப் பொழுதுபோக்கில் தலைமை ஏற்பதற்கு ஒரு படிப்பு என்று தனித்தனியாகவே இருக்கின்றன. கனடாவின் நெல்சன் ஊரில் செல்கிர்க் கல்லூரியிலும் அப்படி ஒரு டிப்ளமா உண்டு. அமெரிக்காவின் வயோமிங்கில் 1965-ல் பால் பெட்சோல்ட் ஆரம்பித்த நோல்ஸ் என்ற பள்ளியில் தலைமையை நாலு விதமாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள்: பொறுப்பு கொடுக்கப்பட்டவரின் தலைமை, சமமானவர்களுக்குள் தலைமை, தன்னைத் தானே நடத்துவது, அப்புறம் நல்லபடியாகப் பின்தொடர்வது. பின்தொடர்வதையும் தலைமையில் சேர்த்திருக்கிறார்கள் பாருங்கள், அதை நான் மகளிடம் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

இப்போது அந்தச் சம்பவம். 2016 நவம்பரில் கோயம்புத்தூரிலிருந்து ஒரு டிராவல்ஸ் மூலமாக 14 பேர் வந்தார்கள். பெயர் வேண்டாம். எத்தனை வயது, யாருக்கு என்ன உடம்பு என்று ஒரு விவரமும் அவர்கள் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. புல்வெளி மேட்டில் ஏறி, சோலையை ஒட்டி இறங்கி வருவது திட்டம், மூன்று மணி நேர நடை. நான் முன்னால் போனேன். பாதை தெரிந்தவன் முன்னால்தானே போவான். மேட்டுக்கு மேல் போனதும் மிஸ்ட் இறங்கிவிட்டது, மலைக்காரர்களுக்குத் தெரியும், ஐந்து நிமிஷத்தில் கை நீட்டினால் கை தெரியாது. வேகமாகக் கீழே கூட்டிப் போய்விடலாம் என்று நடையைக் கூட்டினேன். சோலை ஓரம் வந்து எண்ணினால் 12 பேர்.

ஐம்பது வயதுக்கு மேல் ஒரு அம்மா, கூட அவர் மகன். முட்டி வலிக்கிறது என்று ஷூவைத் தளர்த்த உட்கார்ந்திருக்கிறார்கள், எழுந்தபோது யாரும் இல்லை. கத்தினாலும் மிஸ்டில் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றே தெரியாது. காட்டெருமை மேய்கிற இடம் அது. 12 பேரை அங்கேயே உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் திரும்பிப் போனேன், இப்போது நினைத்தால் அதுவும் தப்பு, அந்த 12 பேரில் யாரையாவது பொறுப்பாகச் சொல்லிவிட்டுப் போயிருக்க வேண்டும். ஒன்றேமுக்கால் மணி நேரம் தேடினேன். ஒரு ஓடைப் பக்கத்தில் இருந்தார்கள், அந்த அம்மா மகனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தார், உதடு நீலம் பாரித்திருந்தது. ஒன்றும் ஆகவில்லை, கடவுள் புண்ணியம். டிராவல்ஸ்காரர் மறுநாள் போனில் பணத்தைப் பற்றி மட்டும் பேசினார்.

மணாலியிலிருந்து வந்த மகளிடம் இதை முதல் தடவையாகச் சொன்னேன். அவள் என்னைக் குறை சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்பா, கடைசியில யார் வந்தா?"

யாரும் இல்லை. அதாவது, யார் என்று நான் முடிவு செய்யவில்லை. பனிச்சறுக்கில் கூட்டம் இறங்கும்போது முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர் என்று வைத்துத்தான் இறங்குவார்களாம். கடைசி ஆளைத் தாண்டி யாரும் பின்தங்கக் கூடாது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் எண்ணிக்கை. இதில் ஒரு பெரிய விஞ்ஞானமும் இல்லை, ஆனால் எனக்கு அத்தனை வருஷத்தில் யாரும் சொல்லித்தரவில்லை, எனக்குத் தானாகவும் தோன்றவில்லை. 

தெரியாதவர்களுக்கு மட்டும் இப்படி ஆகும் என்றும் நினைத்துவிட வேண்டாம். இயன் மெக்கமன் என்ற அமெரிக்கர் 700-க்கும் மேற்பட்ட பனிச்சரிவு விபத்துகளை எடுத்து ஆராய்ந்திருக்கிறார். பனியைப் பற்றி முறையாகப் படித்தவர்களும் மாட்டியிருக்கிறார்கள். காரணம் மனசு செய்கிற சில வேலைகள். பழகின இடம்தானே என்கிற நினைப்பு. இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், திரும்புவதா என்கிற பிடிவாதம். முன்னால் போகிறவருக்கு எல்லாம் தெரியும் என்கிற நம்பிக்கை. மற்றவர்கள் போயிருக்கிறார்கள், நாமும் போகலாம் என்பது. இதைப் படித்துக் காட்டியபோது எனக்குப் பனிச்சரிவு நினைவுக்கு வரவில்லை, நம் அருவிகளும் அணைகளும் காட்சி முனைகளும்தான் நினைவுக்கு வந்தன. வருஷா வருஷம் அங்கே போகிற உயிர்கள் எல்லாம் இந்த நாலில் ஏதாவது ஒன்றில்தானே போகின்றன?

பனிச்சரிவில் புதைந்தவரை 10, 15 நிமிஷத்துக்குள் எடுத்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார், அரை மணி தாண்டினால் வாய்ப்பு மளமளவென்று குறைந்துவிடும். அதற்குள் எந்த மீட்புப் படையும் வந்து சேராது, கூட இருக்கிறவர்கள்தான் தோண்டி எடுக்க வேண்டும். அதனால்தான் ஒவ்வொருவரும் உடம்போடு புதைந்த இடத்தைக் காட்டுகிற ஒரு சிக்னல் கருவி, கையில் பனிக்குள் குத்திப் பார்க்க நீளக் கம்பி, மண்வெட்டி வைத்துக்கொண்டு போகிறார்கள், எந்தக் கம்பெனிக் கருவியாக இருந்தாலும் 457 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசைதான். ஆஸ்பத்திரி தொலைவில் இருக்கிற இடத்துக்கென்றே முதலுதவிப் பயிற்சி தனியாக இருக்கிறது, அது 70, 80 மணி நேரம். நம் மலையில் இரவு ஒருவர் கால் உடைந்து கிடந்தால் ரோட்டுக்குக் கொண்டுவரவே எத்தனை மணி நேரம் ஆகும்? கொடைக்கானல் பக்கம் வெள்ளகவி மாதிரி ரோடே இல்லாத ஊர் இருக்கிறதே. அந்தப் பயிற்சி நமக்கு வேண்டாமா?

2018 மார்ச் 11-ஐ மலைக்காரர்கள் யாரும் மறக்கவில்லை. குரங்கணி காட்டுத்தீயில் 23 பேர் போனார்கள், எல்லாம் மலையை ஆசைப்பட்டுப் பார்க்க வந்த பிள்ளைகள். அந்த வருஷமே மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளைத் திறந்து, உள்ளூர், பழங்குடி இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக வைத்திருக்கிறது. நல்ல வேலை, மனசாரப் பாராட்டுகிறேன். அது அங்கேயே நின்றுவிடக் கூடாது என்பதுதான் என் ஆசை. இன்றைக்கு வழிகாட்டியாக இருக்கிற பையன் நாளைக்குப் பயிற்றுநராக வேண்டும், அப்புறம் மற்ற பயிற்றுநர்களைத் தயார் செய்கிறவனாக வேண்டும். அதற்குப் படிகள் வேண்டும், ஒவ்வொரு படிக்கும் எங்கேயும் செல்லுபடியாகிற சான்றிதழ் வேண்டும்.

கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாமல் விட்டால் ஆசை காட்டி மோசம் செய்தது மாதிரி ஆகிவிடும். இது சீசன் வேலை. மேல்நாட்டில் பனி ஊர்களில் வாடகை சம்பளத்தில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். முட்டியில் அடிபட்டால் அந்த வருஷம் போச்சு. விசா பெரிய தலைவலி. ஆஸ்திரேலியா 2024-லிருந்து 18 முதல் 30 வயது இந்தியர்களுக்கு வருஷம் 1,000 பேர் என்று குலுக்கல் முறையில் வேலையோடு தங்குகிற விசா கொடுக்கிறது, அங்கே பெரிஷர், த்ரெட்போ என்று பனிச்சறுக்கு இடங்கள் உண்டு, நமக்குத் தென்மேற்குப் பருவமழை பெய்கிற மாதங்களில் அவர்களுக்குப் பனி. நம் ஆட்கள் போய்ப் பழகிய துபாயிலேயே 2005-லிருந்து ஒரு மாலுக்குள் 400 மீட்டர் நீளத்துக்குச் சறுக்கி இறங்குகிற பனி மேடு இருக்கிறது, அங்கேயும் கற்றுக்கொடுக்க ஆள் வைத்திருக்கிறார்கள். பனியையும் இப்போது நம்ப முடியவில்லை, 2025 பிப்ரவரியில் குல்மார்க்கில் நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளைப் பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளி வைத்தார்கள். அதனால்தான் சறுக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, ஆட்களை நடத்தத் தெரிய வேண்டும் என்று மகள் பிடிவாதமாகச் சொல்கிறாள். அது தெரிந்தவருக்குப் பனி இல்லாத மாதத்தில் மலைநடை, படகு, சைக்கிள், பள்ளி முகாம் எல்லாம் வேலைதான்.

என் மனைவியின் பயம் வேறு. 2022 அக்டோபர் 4-ம் தேதி உத்தரகாண்டில் திரௌபதி கா தண்டா மலையில் பனிச்சரிவில் 25-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், எல்லாரும் பயிற்சிக்குப் போனவர்கள், பயிற்சி கொடுத்தவர்கள். அதில் சவிதா கன்ஸ்வால் என்ற பெண் அதே வருஷம் மே மாதம்தான் எவரெஸ்ட்டும் மகாலுவும் 16 நாளுக்குள் ஏறியவர். டி.வி.யில் அந்தப் பெண்ணின் போட்டோவைப் பார்த்ததிலிருந்து இவள் மனசு ஆறவில்லை. அந்தப் பயத்துக்கு என்னிடம் பதில் இல்லை. மகளிடமும் இல்லை, அவள் அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள், அவ்வளவுதான்.

கடைசியாகக் கேட்பது இது. 'நான் முதல்வன்' திட்டத்தில் எத்தனையோ பயிற்சிகள் இருக்கின்றன, மலை மாவட்டக் கல்லூரிகளிலாவது வெளிப்புறத் தலைமைப் பயிற்சி ஒன்றைச் சேர்க்கலாம்: மலை முதலுதவி, வானிலை, வரைபடம் பார்ப்பது, கூட்டத்தை நடத்துவது. வருஷம் ஒரு பத்துப் பிள்ளைகளையாவது மணாலிக்கோ குல்மார்க்குக்கோ அரசு செலவில் அனுப்பலாம். கொடைக்கானல் இன்டர்நேஷனல் பள்ளி மாதிரி இடங்களில் மலைநடையும் முகாமும் பள்ளி வாழ்க்கையோடு சேர்ந்தே இருக்கிறது, தேயிலை பறிக்கிறவர் பிள்ளை படிக்கிற அரசுப் பள்ளிக்கும் அது வரட்டும், மலையில் பிறந்ததே அந்தப் பிள்ளைதானே.

இப்போதெல்லாம் நான் கூட்டிப் போகும்போது என் பக்கத்து வீட்டுப் பையனைக் கடைசி ஆளாக வைக்கிறேன். கழுத்தில் விசில், பையில் கம்பளி, முதலுதவிப் பெட்டி. ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவன் எண்ணிவிட்டுக் கையைத் தூக்கினால்தான் நான் அடுத்த அடி வைப்பேன். பிளஸ் டூ இந்த வருஷம்தான் முடித்தான், 412 மார்க். போன ஞாயிற்றுக்கிழமை இறங்கி வரும்போது, "அண்ணா, அக்கா படிக்கிறாங்களே, அதுக்கு நான் எங்க சேரணும்?" என்று கேட்டான். உங்கள் இணைப்பை இரண்டு பேரும் உட்கார்ந்து மறுபடியும் புரட்டினோம். அடுத்த தடவை போடும்போது அவனுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள் ஐயா.

இப்படிக்கு,
உங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.